எழுதாமல் விட்ட முகவரி

தாயி,

நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். அதனால் நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியவில்லை, கேட்டால் பொய்யாகிவிடும். போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணிக்கு நீ உன் பழைய மஞ்சள் சுடிதாரில் இருந்தாய். தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாய். தண்ணீர் கேன் எடுக்கக் கீழே இறங்கி வந்தாய். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இந்நேரம் உனக்குத் திக்கென்றிருக்கும். எப்படி என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் கிழித்துப் போட்டாலும் உன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ராஜபாளையத்தில் இரண்டு நாளாக ஐப்பசி மழை. மலையே தெரியவில்லை. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள். நான் ஏதோ பென்ஷன் விஷயமாக மனு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்து நான்கு வருடம் போலீஸ் வேலையில் இருந்தவனுக்கு எழுதுவது புதிதில்லை. அதில் பாதிக் காலம் தனிப்பிரிவில் இருந்தேன். யூனிஃபார்ம் போடாமல் ஊருக்குள் சுற்றி, யார் யாரோடு பேசுகிறார்கள், எங்கே கூட்டம் போடுகிறார்கள் என்று கேட்டு மேலே சொல்லும் வேலை. மற்றவர்களைப் பற்றி எத்தனையோ நோட்டு நிறைய எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை, கை கூசுகிறது.

கல்லூரி முடித்த கையோடு உனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் வீடு தேட நாம் இருவரும் போனோமே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சரவணம்பட்டியில் மூன்று நாள் வெயிலில் அலைந்தோம். ஒரு வீட்டில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கிடையாது என்றார்கள். இன்னொரு வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள் என்று நான் கொதித்தேன். நீ சிரித்தாய். "விடுங்கப்பா, இதெல்லாம் எங்க செட்டுல எல்லாருக்கும் நடக்கு" என்றாய். உண்மையைச் சொன்னால் வாடகை வீடு தேடுவதில் உன்னைவிட நான்தான் புதியவன். எனக்கு வேலையோடு குவார்ட்டர்ஸ் வந்தது, பிறகு உன் தாத்தா கட்டிய வீடு. ஒரு வீட்டுக்குள் நுழைந்து இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று நின்று பார்த்தவனில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவன் மாதிரி உனக்கு முன்னால் நடந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு வீடு பார்த்தோம். மூன்றாம் மாடி, சின்ன வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை. நீ அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "நம்ம ஊர்ல நிக்க மாதிரியே இருக்குப்பா" என்றாய். நான் கீழே இறங்கிக் கேட்டைப் பார்த்தேன். பூட்டு இல்லை. வீட்டுக்காரர் அங்கே குடியில்லை. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை. அது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் நான் முடித்த வீடு வேறு. கீழே வீட்டுக்காரர், மேலே நீ. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. "அப்பா, வெளிச்சமே இல்லையே" என்று நீ சொன்னபோது, "லைட்டைப் போட்டா வெளிச்சம் வருது, இதுக்கு என்ன ஏட்டி" என்று அதட்டினேன். வேலைக்குச் சேரப்போகும் பிள்ளை, முதல் வீட்டிலேயே அப்பாவோடு சண்டை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று உன் அம்மாவும் நீயும் வாளி, விளக்குமாறு வாங்கக் கடைக்குப் போனீர்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த காரியம் உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. வீட்டுக்காரரிடம் போய் நான் டிபார்ட்மெண்டில் இருந்தவன் என்று சொன்னேன். பெண் தனியாக இருக்கிறது, வருகிற நேரம், போகிற நேரம், கூட யார் வருகிறார்கள் என்று தினம் ஒரு வரி போனில் போட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தன்னையும் போலீஸில் சேர்த்துக்கொண்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். மாற்றுச் சாவியையும் நானே வாங்கி என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். நீ திரும்பி வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தாய். "முதல்ல அப்பாவுக்கு" என்று நீட்டினாய். வாங்கிக் குடித்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு வரி வந்தது. ஏழு நாற்பது, வந்தாச்சு. எட்டு ஐந்து, வந்தாச்சு, கையில் பை. நான் பழைய பழக்கத்தில் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டுத் தேதி வாரியாக எழுதினேன். பெற்ற பிள்ளையின் பெயரை நோட்டுத் தலைப்பில் எழுதியபோதுகூட எனக்கு உறுத்தவில்லை. பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டேன். நீ இரவு போனில் "இன்னைக்கு லேட்டாயிருச்சுப்பா" என்று சொல்லும்போது, எம்புட்டு லேட் என்பது எனக்கு முன்னமே தெரியும். தெரியாதவன் போல "அப்படியா தாயி" என்று கேட்டேன். அதில் ஒரு ருசி இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, நாளைக்கு இங்கே சமையலாம், இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வருகிறார்களாம் என்று வீட்டுக்காரர் போட்டார். ஞாயிறு விடியக்காலையில் முதல் பஸ் ஏறிவிட்டேன். மத்தியானம் நான் வந்து நின்றபோது உன் வீட்டில் கோழிக் குழம்பு வாசம். உன் அம்மா கைப்பக்குவத்தை அப்படியே கொண்டு வந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்ததே, அதை நான் மறக்க மாட்டேன். "எங்கப்பா" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாய். ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, அதை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நால்வரும் தரையில் உட்கார்ந்தீர்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினேன். வேறு வார்த்தை சொல்ல முடியாது, அது விசாரணைதான். வந்திருந்த பையன்களில் உன்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி எனக்குக் குழம்பு ஊற்றினார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றேன். "தளவாய்புரம் பக்கம்தான் சார்" என்றார். நம் ஊர்ப் பக்கம் என்றதும் சந்தோஷப்பட வேண்டியவன், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கேட்டேன், "ஊருக்குள்ள எந்தத் தெரு?"

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாதி என்ன என்று நேராகக் கேட்க வாய் கூசுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள். நான் வேலையில் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன், கூச்சமே இல்லாமல். அந்தத் தம்பி கரண்டியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "தெருப் பேரைச் சொல்லுதேன் சார். சொன்ன பொறவு இந்தக் குழம்பைச் சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லிருங்க" என்றார். வீடு தேடி அலைந்தபோது நம்மை வாசலில் நிற்க வைத்தார்கள் என்று கொதித்தவன், உன் வீட்டுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு உன் விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டேன். "போதும்ப்பா" என்றாய் நீ. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். "சார், வந்துட்டீங்களா. நீங்க சொன்னாப்டியே ஒரு நாள் விடாம மெசேஜ் போட்டுட்டு இருக்கறனுங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

நீ அழவில்லை, கத்தவில்லை. எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாய். உன் சிநேகிதர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பியதும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாய். "எங்கிட்ட கேட்டிருந்தா நானே தினம் சொல்லியிருப்பேனே. என்னத்துக்குப்பா?" பிறகு நீ சொன்னதுதான் இன்று வரை என்னைத் தூங்க விடவில்லை. "சின்னப் பிள்ளையில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைய ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிட்டுப் போவீங்க. அந்த அப்பா எங்க போனாரு?"

அன்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இன்று சொல்கிறேன். அந்த அப்பாவும் இவன்தான்.

உனக்கு ஐந்து வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை, வெளியே நீள பெஞ்சு. அங்கே மில் தொழிலாளர்கள் கூடி வேலைநிறுத்தம் பற்றிப் பேசுவார்கள் என்று தகவல். தனியாகப் போய் உட்கார்ந்தால் சந்தேகப்படுவார்கள். கையில் குழந்தையோடு வருகிறவனைப் போலீஸ் என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் உன்னைக் கூட்டிப் போனேன். நீ புதுக் கவுன் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாய். அவர்களில் ஒருவர் உன்னைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்து, "பருத்திப்பால் குடிக்கியா தாயி?" என்று தள்ளுவண்டியில் வாங்கிக் கொடுத்தார். சூட்டை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். நீ அவரிடம் ஒட்டிக்கொண்டாய். அதனால் அவர் என்னிடமும் மனம் விட்டுப் பேசினார். என்றைக்கு வேலைநிறுத்தம், யார் யார் முன்னால் நிற்கப்போகிறார்கள் என்று எல்லாம் சொன்னார். அன்று சாயங்காலமே அவர் பெயரை எழுதி மேலே கொடுத்தேன். இரண்டு நாளில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது மில்லில் அவருக்கு வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு நீ அந்தப் பெஞ்சில் ஏறி நின்று, "அந்த மாமா எங்கப்பா?" என்றாய். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். அடுத்தடுத்த வாரமும் கேட்டாய். பிறகு மறந்துவிட்டாய். பருத்திப்பாலை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய், அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று. உன் அலுவலகத்துச் சிநேகிதர்களிடமும் அன்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் படியேறி வரும்போது என் காதில் விழுந்தது. வாங்கிக் கொடுத்தவர் அவர், தாயி. உன் சிறு வயதின் நல்ல ஞாபகம் ஒன்றை இப்படிப் பிடுங்குகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் என் பொய்யின் மேல் நீ என்னை நல்லவனாக நிற்க வைத்திருப்பதை இனியும் தாங்க முடியவில்லை.

அந்த விருந்து நடந்த மாத முடிவில் நீ வீட்டைக் காலி செய்தாய். புது வீட்டு முகவரியை அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாய், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்து. நான் உன் அம்மாவிடம் கெஞ்சினேன், பிறகு சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "அவ குடுக்கச் சொன்னா அடுத்த நிமிஷம் குடுக்கேன். அவ சொல்லாம ஒரு எழுத்து வராது என் வாயிலருந்து" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் எனக்கு எதிராக அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் போன் போட்டேன், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நீ எனக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே மூன்று மாடிக் கட்டடம். நான் வேண்டாம் என்று சொன்ன, நீ ஜன்னலை விட்டு நகராமல் நின்ற இடம். பேசாமல் இருந்திருக்கலாம். கான்சாபுரத்தில் ஒரு துட்டி என்று உன் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை கிளம்பினேன். யார் செத்தது என்று கேட்டாள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். அந்த மனிதர் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறார்.

காந்திபுரத்தில் ரூம் போட்டுத் தங்கி, மறுநாள் காலையில் உன் வீட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் வந்து உட்கார்ந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், அது சத்தியம். நீ கீழே இறங்கி வந்தாய். அந்தக் கேனை இடுப்பில் வைத்துத் தூக்கினாய். கீழ்வீட்டு அம்மா ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாய். நான் எழுந்து ரோட்டைத் தாண்ட வேண்டும். பத்தடி தூரம். நீ இந்தப் பக்கம் திரும்பினாய். என் கை தானாகத் தினசரியை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. தனிப்பிரிவுப் பழக்கம் கையிலேயே இருக்கிறது. அந்தத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பேக்கரிக்காரர், "யாரைப் பார்க்கணுங்க?" என்றார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதுதான் நான் செய்தது. கடிதம் என்றால் அப்பா நான்கு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லத் தகுதி இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்காது. மழைக்காலம் வந்துவிட்டது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார். அந்தக் கேனை இடுப்பில் தூக்காதே, பாதி பாதியாகக் குடத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போ. கீழ்வீட்டு அம்மாவோடு நல்லபடியாக இரு. மாற்றுச் சாவியை உனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. அந்த ஆள் நானாக இருக்க வேண்டியதில்லை. யாராவது உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து உன் விருந்தாளியிடம் தெருப் பெயர் கேட்டால், பெற்ற அப்பனே ஆனாலும், எழுந்து போகச் சொல். நீ அன்று எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்திருக்கக் கூடாது.

அந்தத் தம்பியிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள் என்று உன் தலையில் சுமத்த மாட்டேன். அவர் சம்மதித்தால் தளவாய்புரத்துக்கு நானே போய், அவர் சொல்லும் வீட்டில், அவர் அம்மா அப்பாவின் முன்னால் சொல்கிறேன். சம்மதிக்காவிட்டால் அதுவும் சரிதான். நோட்டைக் கிழித்துக் கொல்லையில் எரித்துவிட்டேன். மனப்பாடமாக இருக்கும் முகவரியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கதவு எண் முதல் பின்கோடு வரை இருக்கிறது. நீ கூப்பிடாமல் அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன். நான் கொடுத்த வாக்கை நம்ப உனக்கு ஒரு காரணமும் இல்லை, அதனால் நம்பச் சொல்லவும் இல்லை.

உறையின் மேல் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே வர வேண்டிய முகவரி வரிகளை என் கையால் எழுதக் கூடாது. இனி இதை உன் அம்மாவிடம் கொடுத்து, படிக்கச் சொல்லி, அந்தத் துட்டிக் கதையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா

ஒட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். உன் அம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள். உறையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க" என்றாள். எனக்குத்தான் தெரியுமே என்றேன். "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அவ இன்னும் சொல்லலையே. திரும்புங்க" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அவள் எழுதி முடித்து, மை காய்ந்து, உறையைக் கவிழ்த்து வைக்கும் வரை அப்படியே இருந்தேன்.